விபத்து வழக்குக்கு வக்கீல் தேடுகிறீர்களா? எதிர்த்தரப்பில் இருந்தவள் சொல்கிறேன்

காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் சேலம் அலுவலகத்தில், மூன்றாம் நபர் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சாலை விபத்தில் அடிபட்டவர்கள் தீர்ப்பாயத்தில் போடும் வழக்குக்கு எம்.சி.ஓ.பி. என்று பெயர். அதில் வண்டி உரிமையாளர் முதல் எதிர்மனுதாரர், எங்கள் கம்பெனி இரண்டாம் எதிர்மனுதாரர். மனு நகல் மேசைக்கு வந்ததும் எவ்வளவு கேட்டிருக்கிறார்கள் என்று நாங்கள் பார்க்கமாட்டோம். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, மனுதாரரின் வக்கீல் யார் என்றுதான் பார்ப்போம். சில பெயர்களைக் கண்டால், 'இது மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகச் சல்லிசாக முடிந்துவிடும்' என்று கோப்பை ஓரமாக வைத்துவிடுவோம். சில பெயர்களைக் கண்டால் எங்கள் பேனல் வக்கீலுக்கு, அதாவது கம்பெனிக்காக வழக்காடும் வக்கீலுக்கு, அன்றைக்கே போன் போகும்.

அந்த இரண்டாவது ரகத்து வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் சொல்லப்போகிறேன். என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் எல்லாரும் 'பெரிய வக்கீல் யார்?' என்றே கேட்கிறார்கள். பெரிய வக்கீல் வேண்டியதில்லை. விபத்து வழக்கில் சத்தத்துக்கு வேலை கிடையாது. காகிதத்திலும் கணக்கிலும் நடக்கிற வழக்கு இது. உங்கள் வருமானத்தையும், உடம்பில் ஏற்பட்ட குறையையும், அந்தக் குறை உங்கள் பிழைப்பை என்ன செய்தது என்பதையும் சாட்சியம் வைத்து நிரூபிக்க மெனக்கெடுகிறவர் கிடைத்தால் போதும்.

தேடி வருகிறவர் வேண்டாம்

விபத்து வார்டில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்த சற்று நேரத்தில் ஒருவர் வருவார். பழம்கூட வாங்கி வருவார். "ஒரு பைசா தரவேண்டாம், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இந்த இடங்களில் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்பார். அவர் வக்கீல் இல்லை; தரகர். நீட்டுகிற தாள்களில் ஒன்று வக்காலத்து (உங்களுக்காக வழக்காட வக்கீலுக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்), மற்றவை பெரும்பாலும் வெற்றுத்தாள்கள்.

இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகளின்படி, வக்கீல் தானாகவோ ஆள் வைத்தோ வழக்குப் பிடிக்கக்கூடாது, விளம்பரமும் செய்யக்கூடாது. இணையத்தில் வக்கீல்களுக்கு ஆள் பிடித்துத் தரும் தளங்களைப் பற்றியும் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகவே பேசியது. வார்டுக்கு ஆள் அனுப்புகிற வக்கீல், வழக்குத் தொடங்கும் முன்பே விதியை மீறியவர். அதோடு, தரகருக்குக் கொடுத்த பணத்தை உங்கள் தொகையிலிருந்துதான் எடுத்தாகவேண்டும். இப்படி வந்த வழக்குகளை எங்கள் அலுவலகத்தில் மொத்தமாகவே அடையாளம் கண்டுகொள்வோம். எல்லா மனுவிலும் ஒரே வாசகம், பெயரும் வண்டி எண்ணும் மட்டும் வேறு.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வக்கீலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வீட்டார் ஒருவர் காகிதங்களைச் சேர்த்தால் போதும். முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகல் (ஏ.ஆர். நகல் என்றால் அங்கே புரியும்), டிஸ்சார்ஜ் சுருக்கம், எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துக்கடை பில், ஆட்டோவுக்குக் கொடுத்த கூலி வரைக்கும்.

காலக்கெடுவை மட்டும் மறக்கவேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தப்படி, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன. கெடு தாண்டியது என்பதற்காகத் தள்ளுபடி செய்யாதீர்கள் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாதத்துக்குள் வக்கீலைப் பிடித்துவிடுங்கள்.

உங்களுடையது எந்த வகை வழக்கு?

எதிர் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் வழக்கமான எம்.சி.ஓ.பி. வழக்கு. மோதிய வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் அது வேறு பாதை. அதற்கென்று அரசின் நிவாரணத் திட்டம் இருக்கிறது: உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். விண்ணப்பம் வருவாய்த் துறை வழியாகப் போகும். அதற்கு ஒரு வக்கீலுக்குப் பெரும் பணம் கொடுக்கவேண்டிய அவசியமே இல்லை.

மோதியது அரசு பஸ் என்றால் கதை இன்னொரு மாதிரி. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பதிலாகப் போக்குவரத்துக் கழகமே கட்டவேண்டியிருக்கும். தீர்ப்பு வந்தும் பணம் வராமல், நிறைவேற்று மனுப் போட்டு, நீதிமன்ற அமீனா பஸ் நிலையத்தில் வண்டியை ஜப்தி செய்கிற செய்தியைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட வழக்குக்கு, தீர்ப்போடு கை கழுவாமல் நிறைவேற்று மனுவையும் விடாமல் நடத்திப் பழகிய வக்கீல் வேண்டும். நீங்களே லாரி ஓட்டுநராகவோ கிளீனராகவோ வேலையில் இருக்கும்போது அடிபட்டிருந்தால், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழும் கேட்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எது லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டத் தெரியாதவரிடம் அந்த வழக்கைக் கொடுக்காதீர்கள்.

எந்த ஊர் வக்கீல் என்ற கேள்வியும் இதோடு வரும். தொப்பூர் கணவாயில் அடிபட்டால் தருமபுரியில்தான் வழக்குப் போடவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம், இவற்றில் எதுவானாலும் சரி. சேலத்துக்காரர் அஸ்தம்பட்டி நீதிமன்றத்திலேயே போடலாம். சென்னைக்காரர்களுக்கு உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறுவழக்கு நீதிமன்றம்தான் தீர்ப்பாயம். உங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஊரில் மனுப் போட ஒருவர் ஆசைப்பட்டால், காரணம் கேளுங்கள். சாட்சி சொல்லவும் ஊனத்தை மதிப்பிடும் மருத்துவ வாரியத்துக்குப் போகவும் நீங்கள்தான் அலையவேண்டும், அதுவும் உடைந்த காலோடு.

தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்

வக்கீலைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பது சரிதான். ஆனால் 'நல்லவர், மரியாதையாகப் பேசுவார்' என்பதற்கு மேல் யாரும் சொல்லமாட்டார்கள். இன்றைக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. நீதிமன்றங்களின் 'ஈ-கோர்ட்ஸ்' இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்து, வழக்கறிஞர் பெயரைப் போட்டுத் தேடலாம். நிலுவையில் இருப்பவை, முடிந்தவை என்று தனித்தனியாக வரும். எம்.சி.ஓ.பி. என்று தொடங்கும் முடிந்த வழக்குகளைத் திறந்து பாருங்கள். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் சாயங்காலம் உட்கார்ந்து முடித்துவிடும்.

முதலில், அவர் பெயரில் எம்.சி.ஓ.பி. வழக்கே இருக்கிறதா என்று பாருங்கள். கிரிமினல் வழக்கில் பேர் எடுத்தவர், சொத்து வழக்கில் கெட்டிக்காரர் என்பதெல்லாம் இங்கே உதவாது. அடுத்து, மனுதாரர் தரப்பில் ஆஜராகாததால் தள்ளுபடியானவை எத்தனை என்று பாருங்கள். ஒன்றிரண்டு எல்லாருக்கும் இருக்கும். வரிசையாக இருந்தால் கோப்பை வாங்கிப் போட்டுவிட்டு மறக்கிறவர் என்று பொருள்.

மூன்றாவதுதான் முக்கியம். தீர்ப்பு நகல் பதிவேற்றியிருந்தால், நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். இரு தரப்புச் சாட்சிகளும் சான்றாவணங்களும் அங்கே பட்டியலாக இருக்கும். மனுதாரர் தரப்பில் பி.டபிள்யூ.1 (முதல் சாட்சி) என்று அடிபட்டவர் பெயர் மட்டும் இருந்து, வேறு சாட்சியே இல்லை என்றால், அந்த வக்கீல் மனுதாரரைக் கூண்டில் ஏற்றியதோடு வேலையை முடித்துக்கொண்டார். மனுதாரருக்குப் பின்னால் சம்பளம் கொடுத்த முதலாளியோ, வைத்தியம் பார்த்த டாக்டரோ, விபத்தைப் பார்த்தவரோ வந்திருந்தால், அவர் உழைக்கிறவர். எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: மனுதாரரின் முதலாளி கூலி நோட்டோடு கூண்டில் ஏறிய வழக்குகளில் எங்கள் பேனல் வக்கீலின் முகம் வாடிவிடும்.

ஒரு மனு, ஒரு சொல்

அம்மாப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண், கணவரின் வழக்குக் காகிதங்களை ஜவுளிக்கடைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, வக்கீல் இருபத்தைந்து லட்சம் போட்டிருக்கிறாராம். கிடைக்குமா?" என்று கேட்டாள்.

மனு நகலை எடுத்தேன். வயது 35. காயம், வலது மணிக்கட்டு எலும்பு முறிவு, விரல்கள் முழுதாக மடங்காது. 'தொழில்' என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்: கூலி. மாத வருமானம் 15,000.

"உன் வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார்?"

"விசைத்தறியில் அக்கா. அறுந்த இழையைப் பிணைப்பார், தறி ரிப்பேரும் பார்ப்பார். இப்போது முடியவில்லை. முதலாளி சும்மா உட்கார வைத்திருக்கிறார்."

வழக்கின் உயிரே அவள் சொன்ன அந்த நாலு வாக்கியங்களில் இருந்தது. மனுவில் அதில் ஒன்றுகூட இல்லை. 'கூலி' என்று எழுதிவிட்டால், இன்னொரு கூலி வேலைக்குப் போகலாமே என்று நாங்கள் வாதாடுவோம். இழை பிணைக்கிற விரல் என்று எழுதியிருந்தால் அப்படி வாதாட வாயே திறக்க முடியாது.

2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது. உடலின் ஊனச் சதவீதம் வேறு, அதனால் சம்பாதிக்கும் திறன் குறைந்த சதவீதம் வேறு. இடது கை போனால் ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பு ஏறக்குறைய முழுதுமே போய்விடும். அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமலும் இருக்கலாம் என்பது அதில் வரும் உதாரணம். ஒரு கையில் இத்தனை சதவீதம் ஊனம் என்றால் உடம்பு முழுவதற்கும் அதே சதவீதம் ஆகாது என்றும், வைத்தியம் பார்க்காத டாக்டர்கள் கேட்டவுடன் எழுதித் தரும் சான்றிதழ்களை நம்பக்கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

இதில் பணம் எவ்வளவு மாறும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். நம் ஊர்த் தீர்ப்பாயங்களில் காயத்துக்கு இரண்டு வகையாகக் கணக்கிடுவார்கள். ஒன்று, ஊனச் சதவீதத்துக்கு இத்தனை ரூபாய் என்று. 30 சதவீதம், ஒரு சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தால் ஊனத்துக்குக் கிடைப்பது 1,50,000 ரூபாய். இன்னொன்று பெருக்கல் முறை. மாதம் 15,000 வருமானத்தோடு, எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. வருஷத்துக்கு 2,52,000. 31 முதல் 35 வயது வரை பெருக்கும் எண் 16. பெருக்கி வந்ததில், சம்பாதிக்கும் திறன் குறைந்ததும் 30 சதவீதம் என்று எடுத்தால் 12,09,600 ரூபாய். பெருக்கும் எண் 2009-இல் வந்த சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணையில் இருக்கிறது. நாற்பது வயதுக்குக் கீழே சொந்தத் தொழிலோ தினக்கூலியோ செய்பவருக்கு 40 சதவீதம் சேர்க்கவேண்டும் என்பது 2017-இல் வந்த பிரணாய் சேத்தி தீர்ப்பு. மருத்துவச் செலவும் வலிக்கான தொகையும் இரண்டு முறையிலும் தனியாகச் சேரும்.

அதே கை, அதே 30 சதவீதம். ஒன்றரை லட்சமா பன்னிரண்டு லட்சமா என்பதை, சம்பாதிக்கும் திறன் போனதற்கு வக்கீல் சாட்சியம் வைத்தாரா இல்லையா என்பதுதான் முடிவு செய்யும். மனுவில் இருபத்தைந்து லட்சம் என்று எழுதியதற்கு ஒரு மதிப்பும் இல்லை. நியாயமான இழப்பீடு கேட்டதைவிட அதிகமென்றால் அதிகமாகவே கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. ஆகவே 'ஐம்பது லட்சம் போட்டிருக்கிறேன்' என்று பெருமையடிக்கிற வக்கீலைக் கண்டு மயங்காதீர்கள். அந்தப் பெண்ணிடம், வக்கீலைப் பார்த்துத் தொழில் விவரத்தைத் திருத்த மனுப் போடச் சொல், தறி முதலாளியைச் சாட்சிக்கு அழைக்கச் சொல் என்றேன்.

முதல் சந்திப்பு

நீங்கள் அவரிடம் என்ன கேட்கவேண்டும் என்று பட்டியல் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். நான் சொல்வது, அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். நல்ல விபத்து வக்கீல் முதலில் ஏ.ஆர். நகலைக் கேட்பார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அவசரத்தில் கூட வந்தவர், போலீஸ் தொல்லைக்குப் பயந்து, 'பைக்கில் போகும்போது தானாக விழுந்துவிட்டார்' என்று சொல்லியிருப்பார். அது அப்படியே பதிவாகியிருக்கும். எங்களுக்கு அதைவிட இனிப்பான காகிதம் கிடையாது. அதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, சேர்த்தவரைச் சாட்சியாக அழைத்து விளக்கம் வாங்கத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார். கண்டுகொள்ளாதவர், குறுக்கு விசாரணையில் எங்கள் வக்கீல் அதை நீட்டும்போதுதான் பார்ப்பார்.

அடுத்து, முதல் தகவல் அறிக்கை எத்தனை நாள் கழித்துப் பதிவானது, யார் மேல் பதிவானது, குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா என்று கேட்பார். தவறு உங்கள் மேல்தான் என்று போலீஸ் எழுதியிருந்தால் உடனே என்ன செய்யவேண்டும் என்று சொல்வார். விபத்தைப் பற்றி போலீசார் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குத் தரவேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 'அதெல்லாம் நடைமுறையில் இல்லை' என்று கையை உதறுகிறவரைவிட, 'ஸ்டேஷனில் நகல் கேட்டு மனுக் கொடுப்போம்' என்கிறவர் மேல்.

பிறகு வருமானம். சம்பளச் சீட்டு இல்லை என்றதும் முகம் சுளித்தால், அவருக்கு நம் ஊர் மக்களின் பிழைப்பு தெரியாது. கூலி நோட்டு, நல வாரிய அட்டை, வங்கிப் புத்தகம், செல்போனில் வந்த பண வரவு, குழுக் கடன் கட்டிய சீட்டு என்று அவரே தூண்டித் துருவிக் கேட்கவேண்டும். எழுதுகிற கை எது, எத்தனை மணி நேரம் நின்று வேலை, வீட்டில் யார் யார் உங்களை நம்பி இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்கிறவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பத்து நிமிடத்தில் ஜூனியரைக் கூப்பிட்டு 'வக்காலத்து வாங்கிக்கொள்' என்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

நீங்கள் கேட்கவேண்டியது இரண்டே கேள்விகள். சாட்சி விசாரணைக்கு நீங்கள் வருவீர்களா, ஜூனியர் வருவாரா? நீங்கள் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் பேனலிலாவது இருக்கிறீர்களா? ஒரு கம்பெனியின் பேனலில் இருந்துகொண்டு அதே கம்பெனிக்கு எதிராக வழக்கு நடத்தக்கூடாது. ஆனால் முன்பு பேனலில் இருந்து விலகியவர் கிடைத்தால் விடாதீர்கள். எங்கள் பக்கத்துச் சூட்சுமம் எல்லாம் அவருக்குத் தெரியும். அப்படி ஒருவர் அந்தப் பக்கம் போனபோது எங்கள் மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

இவ்வளவு கிடைக்கும் என்று முதல் நாளே தொகை சொல்கிறவர் வேண்டாம். ஊனச் சான்றிதழ் வராமல் யாராலும் சொல்ல முடியாது.

பீஸ்

சதவீதம் கேட்பது ஊரறிந்த வழக்கம். அது வழக்கறிஞர் மன்ற விதிக்கு விரோதம் என்பது பலருக்குத் தெரியாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கூலி பேசக்கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணிடம் இழப்பீட்டில் சதவீதம் கேட்டு வக்கீல் காசோலை வழக்குப் போட்டபோது, 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கோரிக்கையையே பொதுநலனுக்கு விரோதமானது, தொழில் ஒழுங்கீனம் என்றது.

இதைச் சொன்னால், 'கையில் காசில்லாதவர் என்ன செய்வது, சதவீதம் என்றால்தானே முன்பணம் கேட்கமாட்டார்கள்?' என்று என்னிடம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மொத்தத் தொகையாகப் பேசுங்கள். மனுத் தாக்கலின்போது கொஞ்சம், சாட்சி விசாரணையில் கொஞ்சம், பணம் கைக்கு வந்ததும் மீதி என்று தவணை கேளுங்கள். ஒத்துக்கொள்கிற வக்கீல்கள் இருக்கிறார்கள். எழுதி வாங்குங்கள், கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள். நகல் எடுக்கிற செலவும், டாக்டர் சாட்சிக்கு வரும் செலவும் பீஸில் அடங்குமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

அதுவும் முடியாதென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். இலவசம் என்றால் மட்டம் என்று நினைக்கவேண்டாம். எங்களைத் திணறடித்தவர்களில் சட்டப்பணிக் குழுவிலிருந்து வந்த ஒரு இளம்பெண்ணும் உண்டு. ஒரு வாய்தாவுக்குக்கூட அவர் வராமல் இருந்ததில்லை.

பீஸ் எப்படிப் பேசினாலும், உங்கள் வங்கிப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, கையெழுத்திட்ட காசோலை, இவை மூன்றையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். இழப்பீட்டுத் தொகையை நேராக மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பவேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'கணக்கு நாங்களே தொடங்கித் தருகிறோம்' என்கிற வக்கீல் அலுவலகத்துக்கு அதில் என்ன அக்கறை என்று யோசித்துக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மனுவின் நகலும் வழக்கு எண்ணும் உங்கள் கையில் இருக்கட்டும். எண் இருந்தால் அடுத்த வாய்தா எப்போது என்று செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். குமாஸ்தாவுக்குப் போன் போட்டுக் கெஞ்சவேண்டாம்.

சமரசம் பேசும் நாள்

மக்கள் நீதிமன்றத்துக்கு எந்தெந்த வழக்கைக் கொண்டுபோவது என்று பட்டியல் போட்டவர்களில் நானும் ஒருத்தி. சாட்சியம் வலுவாக வருவதற்கு முன்னால் முடித்துவிட்டால் எங்களுக்கு லாபம். ஆகவே நாங்கள் கூப்பிட்டதும் ஓடிவருகிற வக்கீல்களை எங்களுக்குப் பிடிக்கும். அங்கே ஏற்படும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

அதற்காகச் சமரசமே தப்பு என்று சொல்லவில்லை. ஏ.ஆர். நகலில் சிக்கல் இருக்கிறது, நீங்களும் தவறான பக்கத்தில் வந்தீர்கள், குடும்பத்துக்குப் பணம் உடனே வேண்டும் என்றால் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆனால் உங்கள் வக்கீல், தீர்ப்பு வரை போனால் இவ்வளவு வரலாம், அதற்கு மனுத் தேதியிலிருந்து வட்டி இவ்வளவு (பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீதம் போடுகிறார்கள்), இந்த இந்தக் காரணத்தால் இவ்வளவு குறையலாம், கம்பெனி தருவதாகச் சொல்வது இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டவேண்டும். கூட்டத்தில் தள்ளிக்கொண்டு போய், 'நல்ல தொகைதான், போடுங்கள்' என்றால் போடாதீர்கள். 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று எழுந்து வர உங்களுக்கு முழு உரிமை உண்டு.

தீர்ப்புக்குப் பிறகு

தொகை குறைவு என்று தோன்றினால் உயர் நீதிமன்றத்துக்கு 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வழக்கில் நிற்கும் தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவென்றால் முடியாது. எங்கள் தரப்பு மேல்முறையீடு போனால் அங்கே உங்களுக்காக ஆஜராகப்போவது யார் என்று முன்பே கேட்டு வையுங்கள். மாவட்ட வக்கீல்கள் பலரும் சென்னையிலோ மதுரையிலோ ஒருவரிடம் கோப்பை அனுப்புவார்கள். அனுப்பாமல் விட்டதால் எதிர்ப்பே இல்லாமல் தொகை குறைந்துபோன வழக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

நடுவில் வக்கீலை மாற்றவேண்டி வந்தால் பயப்படவேண்டாம். பழைய வக்கீலிடம் ஆட்சேபணையின்மைக் கடிதம் வாங்கி, புதியவர் வக்காலத்துத் தாக்கல் செய்வது வழக்கம். பீஸ் பாக்கி இருக்கிறது என்று சொல்லிக் கோப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பாக்கியைத் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும். உங்கள் எக்ஸ்ரேயைப் பணயமாக வைக்க முடியாது. கொடுக்க மறுத்தால், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலிருக்கும் தமிழ்நாடு, புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். வக்காலத்தில் அவருடைய பதிவு எண் இருக்கும். புகாரில் அதையும் எழுதுங்கள். புகார் கொடுக்கப்போகிறேன் என்று சொன்ன மறுநாளே கோப்பு வீடு தேடி வந்த கதைகளும் உண்டு.